பீரங்கிக் குண்டு அளந்த ஊர்

கணவன் மனைவியாகச் சிதம்பரம் தரிசனத்துக்குக் கிளம்பும் நேயர்களே, கூடவே ஒரு நாளைப் பழைய போர்க்களங்களுக்கும் ஒதுக்குங்கள்.

கடலூர் தேவனாம்பட்டினத்தில், கெடிலம் ஆற்றங்கரையில், புனித டேவிட் கோட்டையின் மிச்சம் இருக்கிறது. 1690-இல் மராத்தியரிடம் அதை வாங்கிய ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கிருந்து பீரங்கி சுட்டது. குண்டு போய் விழுந்த தூரம்வரை நிலம் கம்பெனிக்குச் சொந்தமானது. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும், சில ஆண்டுகள் கம்பெனியின் தென்னிந்தியத் தலைமையிடமே இந்தக் கோட்டைதான். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை அதைப் பிடித்துத் தகர்த்தது.

சிதம்பரத்தில் கோயில் மதிலையும் நின்று பாருங்கள். 1781 ஜூனில் மைசூரை ஆண்ட ஐதர் அலியின் வீரர்கள் கோயிலுக்குள் இருந்தே போரிட, தாக்க வந்த ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் பின்வாங்கினார். ஆடவல்லான் சந்நிதி பாசறையானதை நினைத்தால் மனம் வலிக்கிறது. ஜூலை 1-இல் பக்கத்துப் பரங்கிப்பேட்டையில் கூட் ஐதரை வென்றார்.

1783 ஜூனில் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கடலூரை ஆங்கிலேயர் முற்றுகையிட்டது இன்னும் துயரமானது. இங்கிலாந்தும் பிரான்சும் ஜனவரியிலேயே சமாதானத்துக்கு உடன்பட்டுவிட்டன. அந்தச் செய்தி கப்பலேறி வந்துசேருமுன், கடலூரில் தரையிலும் கடலிலும் நூற்றுக்கணக்கானோர் மடிந்தார்கள்.