புகையை விட்டவன் – 9
தீப்பெட்டி இருந்த பையில் கடலைமிட்டாய்

சிகரெட்டை நிறுத்திய பத்தாம் நாள், சட்டைப்பையில் தீப்பெட்டி இருந்த இடத்துக்குக் கடலைமிட்டாய் வந்துவிட்டது. கோவில்பட்டிக்காரனுக்கு இது பெரிய இடமாற்றம் ஒன்றுமில்லை. இரண்டும் எங்கள் ஊர்ச் சரக்கு. மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டதால், கௌரவமான பொருளைத்தான் தின்கிறோம் என்ற சமாதானம் வேறு.

சென்ற வாரம் தூக்கம் கெட்ட இரவுகளைப் பற்றிச் சொன்னேன். தூக்கம் திரும்பியதும் பசி வந்தது. நான்கு மணி டீயோடு இரண்டு உளுந்தவடை, ஐந்தரைக்குச் சாத்தூர்ச் சேவு, இரவுச் சாப்பாடு முடிந்து படுக்கப் போகுமுன் அடுப்படியில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்ப்பது. "எலின்னுல்ல நெனச்சேன், நீங்கதானா?" என்றாள் மனைவி. கார்த்திகையில் 68 கிலோ இருந்தவன் மாசிக் கடைசியில் 73. முதலில் மருந்துக்கடை எடை மெஷினைத்தான் சந்தேகப்பட்டேன்.

மெஷின் சரிதான். 62 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை 2012-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. மருந்து மாத்திரை இல்லாமல் புகையை விட்டவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 4.7 கிலோ கூடுகிறது, அதில் பாதிக்கு மேல் முதல் மூன்று மாதத்திலேயே ஏறிவிடுகிறது என்கிறது அது. நூற்றுக்குப் பதினாறு பேர் இளைக்கவும் செய்கிறார்களாம். அவர்களில் ஒருவரையாவது நான் பார்க்க வேண்டும்.

பசியை அடக்கும் நரம்பணுக்கள் மூளையில் ஹைபோதலாமஸ் பகுதியில் இருக்கின்றன. நிகோடின் அவற்றைத் தட்டி எழுப்புகிறது; யேல் பல்கலைக்கழகத்தார் 2011-ல் சுண்டெலிகளிடம் இதைக் காட்டினார்கள். தட்டுபவன் போய்விட்டால் பசிக்குத் தடை இல்லை. இன்னொரு கணக்கும் உண்டு. நாளைக்கு இருபத்துநான்கு சிகரெட் பிடிப்பவரின் உடம்பு சுமார் 200 கலோரி கூடுதலாக எரிக்கிறது என்று 1986-ல் அளந்து சொன்னார்கள். 100 கிராம் கடலைமிட்டாயில் ஏறக்குறைய 500 கலோரி. ஆக, அப்படிப்பட்ட ஒருவர் புகையை விட்டுவிட்டுப் பழைய சாப்பாட்டையே சாப்பிட்டாலும், தினமும் 40 கிராம் மிட்டாய் சேர்த்துத் தின்றதற்குச் சமம். நானோ நிஜமாகவே தின்றுகொண்டிருந்தேன்.

சிகரெட் கம்பெனிகளுக்கு இந்தச் சூட்சுமம் எப்போதோ தெரியும். 1928-ல் அமெரிக்காவில் லக்கி ஸ்டிரைக் விளம்பரம், இனிப்பைத் தேடாதே, எங்கள் சிகரெட்டை எடு என்று பெண்களைக் கூப்பிட்டது. மிட்டாய் வியாபாரிகள் கொதித்துப்போனார்கள். நான் நூறு வருஷம் கழித்து அந்த வழியிலேயே திரும்பி நடந்திருக்கிறேன்.

ஆனால் வந்ததெல்லாம் பசி இல்லை என்பது மெல்லத்தான் புரிந்தது. நாளைக்குப் பதினைந்து சிகரெட், ஒன்றுக்குப் பத்து இழுப்பு என்று வைத்தாலும் 150 தடவை கை வாய்க்குப் போய் வந்திருக்கிறது. அதுவும் முப்பது வருஷமாக. திடீரென்று வேலையிழந்த கை சும்மா இருக்குமா? சேவுப் பொட்டலத்துக்குள் போய்விட்டது. இப்போது எதையாவது தின்னத் தோன்றினால், 'ரெண்டு இட்லி வச்சா சாப்பிடுவியா?' என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். சாப்பிடுவேன் என்றால் அது பசி, உட்கார்ந்து சாப்பிட்டுவிடுகிறேன். இட்லி வேண்டாம், சேவுதான் வேண்டும் என்றால் சிகரெட் வேஷம் மாற்றி வந்திருக்கிறது. பெரும்பாலும் சில நிமிஷத்தில் தணிகிற அவா அது. ஒரு சொம்புத் தண்ணீர், தெருமுனை வரை ஒரு நடை, அவ்வளவுதான். டீக்கடையில் லைட்டர் கட்டித் தொங்கும் பக்கத்தை விட்டுவிட்டு, பாய்லர் பக்கமாக நிற்கிறேன்.

டீயே என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தது தனிக்கதை. மூன்றாவது டீக்கு மேல் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். சிகரெட் கேட்கிறது என்று நினைத்து வடையைத் தின்பேன். டீ, காபியில் உள்ள காஃபீனைக் கல்லீரல்தான் கழிக்கிறது. புகையில் உள்ள தார் அந்த வேலையை முடுக்கிவிடும். புகை நின்றதும் வேகம் குறைந்து, குடித்த டீ உடம்பில் நெடுநேரம் தங்குகிறது. அதே அளவு குடித்தாலும் ரத்தத்தில் காஃபீன் இரண்டு மடங்குக்கும் மேல் ஏறலாம். ஐந்து டீயை மூன்றாக்கினேன். படபடப்பும் போயிற்று, வடையில் பாதியும் போயிற்று.

கைக்கு வேலை கொடுத்தது பனங்கிழங்கு. தை மாதம் பஸ் ஸ்டாண்ட் வாசலில் ஓர் ஆச்சி அவித்த கிழங்கைக் கட்டுக் கட்டாக வைத்திருப்பார். தோலை உரிக்க வேண்டும், இரண்டாகப் பிளந்து நடு நரம்பை எடுக்க வேண்டும், பிறகு நார் நாராகக் கிழித்து மென்றுகொண்டே இருக்க வேண்டும். ஒரு கிழங்கு முடிய இரண்டு சிகரெட் நேரமாவது ஆகும். கைக்கும் வாய்க்கும் இத்தனை வேலை வைக்கிற தீனி வேறு எனக்குத் தெரியவில்லை. வறுத்த பட்டாணி பரவாயில்லை, வெள்ளரிப்பிஞ்சு சுமார். கிராம்பு பையில் இருக்கட்டும். பாக்கு மட்டும் கூடாது. புகையை விட்டுப் பாக்குக்குப் போன இரண்டு பேரை எனக்குத் தெரியும். வெறும் பாக்கே புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வகைப்படுத்திவிட்டது.

எடைக்குப் பயந்து சோற்றையும் குறைக்கட்டுமா என்று டாக்டரிடம் கேட்டேன். "ஒரே நேரத்துல ரெண்டு சண்டை போடாதீங்க" என்றார். புகையை விட்டு எடை கூடியவர்களுக்குச் சில ஆண்டுகள் சர்க்கரை நோய் வாய்ப்பு கூடுவது உண்மை. 2018-ல் வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு அது ஐந்து முதல் ஏழு ஆண்டில் உச்சத்துக்குப் போய் இறங்குவதாகச் சொல்கிறது. அதே ஆய்வில், எடை கூடியவர்களுக்கும் இதய நோயால் சாகும் ஆபத்து புகைப்பவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. 73 கிலோவோடு சமாதானமாக இருக்கிறேன். ஆறு மாதம் ஆனபின் சர்க்கரை பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.

போன வாரம் ஆச்சியின் கூடை காலி. "கெழங்கு தீந்துட்டுய்யா. இனிமே நுங்குதான், சித்திரைல வாங்க" என்றார்.

நடுவில் முழுசாக ஒரு பங்குனி கிடக்கிறது.

(தொடரும்)