தோற்றவனைக் காட்டாத கேமரா

நெல்லைச் சீமையில் கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டு உண்டு, கணியான் கூத்து உண்டு, விடிய விடியக் கடைகள் உண்டு. கூட்டத்துக்குச் சற்றுத் தள்ளி, போலீஸ் கண்ணில் படாத ஓரமாகப் பார்த்து, லங்கர் கட்டையும் உருளும். தரையில் விரித்த துணியில் ஆறு படங்கள்: ஆட்டின், டைமண்ட், இஸ்பேட், கிளாவர், கிரீடம், நங்கூரம். அதே படங்கள் உள்ள மூன்று கட்டைகளைக் குலுக்கிப் போடுவார்கள். பணம் கட்டிய படம் ஒரு கட்டையில் விழுந்தால் ஒரு மடங்கு, இரண்டில் விழுந்தால் இரண்டு மடங்கு, மூன்றிலும் விழுந்தால் மூன்று மடங்கு லாபம். பிரிட்டிஷ் மாலுமிகள் கப்பலில் ஆடிய ஆட்டம் இது.

கட்டைகள் மொத்தம் 216 விதமாக விழலாம். அதில் 125 விதத்தில் கட்டிய பணம் போய்விடும். மீதியில் கிடைக்கும் லாபத்தையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் நூறு ரூபாய்க்கு ஏறத்தாழ எட்டு ரூபாய் குலுக்குகிறவர் பக்கமே சேரும். கட்டையில் எந்தத் தில்லுமுல்லும் இல்லாதபோது வரும் கணக்கு இது.

கொடை விழாவைத் தமிழ் சினிமா எத்தனையோ முறை காட்டியிருக்கிறது. இந்தத் துணிமேல் வாரக் கூலியை வைத்துவிட்டு வெறுங்கையோடு எழுந்து போகிறவரின் கதையைத்தான் காணோம். திரையில் சூதாட வேண்டுமென்றால் ஒன்று அரண்மனை வேண்டும், அல்லது கோடிகள் புரளும் கிளப் வேண்டும்.

அரண்மனைச் சூது என்றதும் நினைவுக்கு வருவது பி.ஆர்.பந்துலுவின் ‘கர்ணன்’ (1964). பானுமதியாக சாவித்திரியும் கர்ணனாக சிவாஜி கணேசனும் சொக்கட்டான் ஆடுகிறார்கள். கணவன் துரியோதனன் வருவதைப் பார்த்து அவள் எழுகிறாள். தோல்விக்குப் பயந்து எழுகிறாள் என்று எண்ணிக் கர்ணன் பிடித்து இழுக்க, முத்துகள் அறுந்து சிதறுகின்றன. உள்ளே வந்த துரியோதனன் சந்தேகப்படவில்லை. முத்துகளைப் பொறுக்கட்டுமா, கோத்துத் தரட்டுமா என்று கேட்கிறான். 2012-இல் டிஜிட்டலில் புதுப்பித்து வெளியிட்டபோதும் இந்தப் படத்துக்குக் கூட்டம் வந்தது. அருமையான காட்சி, சந்தேகமில்லை. ஆனால் அங்கே ஆட்டம் நட்பைச் சோதிக்கத்தான் பயன்படுகிறது. எவர் வீடும் அதில் அழியவில்லை.

திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்த பாரதி, அதே பாரதக் கதையைக் கையிலெடுத்தபோது வேறு பக்கம் நின்றார். 1912-இல் முதல் பாகம் வெளியான ‘பாஞ்சாலி சபத’த்தில், ஆடியவர்களைவிடப் பந்தயப் பொருளாக வைக்கப்பட்டவளின் கோபமே பெரிது. ஆண்கள் ஆட, பெண் இழக்கிறாள். சூதின் முழு விலையும் அதில் தெரிந்துவிடுகிறது. பின்னால் வந்த திரைக்கதைகள் இந்தப் பாதையில் அதிகம் நடக்கவில்லை.

உலக சினிமாவுக்கும் பளபளப்புதான் பிடித்திருக்கிறது. இயான் ஃபிளெமிங்கின் ‘கேசினோ ராயல்’ நாவலில் (1953) ஜேம்ஸ் பாண்ட் ஆடுவது பாக்கரட். 2006-இல் படமாக்கியபோது அதைப் போக்கர் ஆக்கினார்கள். உலகம் முழுக்க டிவியில் பரவியிருந்த ஆட்டம் அதுதான். இந்தியாவில் ராஜ் கபூர் ‘ஸ்ரீ 420’-இல் (1955) கொஞ்சம் நேர்மையாக இருந்தார். பிழைக்க பம்பாய் வந்த படித்த இளைஞன் சீட்டில் ஏமாற்றக் கற்று, பணக்காரர்களின் உலகத்துக்குள் நுழைகிறான். அவன் இழப்பது என்ன என்பதையும் படம் கூடவே சொல்லிக்கொண்டு போகிறது.

நம் ஊருக்கு வந்தால் ‘மங்காத்தா’ (2011). பெயர் தெருவோரச் சீட்டாட்டத்தின் பெயர். ஒருவர் ஒரு சீட்டைச் சொல்ல, கட்டிலிருந்து உள்ளே, வெளியே என்று மாறி மாறிப் போடுவார்கள். சொன்ன சீட்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் கட்டியவருக்குப் பணம். யோசித்து ஆட அதில் ஒன்றுமே இல்லை. வெங்கட் பிரபுவின் படத்திலோ கிரிக்கெட் பெட்டிங்கில் குவிந்த 500 கோடி ரூபாயைச் சுற்றித்தான் ஓட்டம். நரைத்த தலையோடு அஜித் எல்லோரையும் ஏமாற்றுகிறார். கடைசியில் தியேட்டர் கைதட்டியது. அந்த 500 கோடி யார் யார் வீட்டிலிருந்து வந்தது என்ற கேள்விக்குப் படத்தில் இடமில்லை.

அதே ஆண்டு வெளியான வெற்றிமாறனின் ‘ஆடுகளம்’ இந்த விஷயத்தில் உயர்ந்து நிற்கிறது. மதுரைச் சேவல் சண்டையில் பந்தயப் பணத்தோடு கௌரவமும் பொறாமையும் எப்படிக் கலக்கின்றன, சீடனின் வெற்றி குருவை எப்படி அரிக்கிறது என்பதை அது விடாமல் பின்தொடர்ந்தது. ஆறு தேசிய விருதுகளும் பெற்றது.

இதற்குள் சூதாட்டம் ஆற்றங்கரைத் தோப்பை விட்டுக் கைப்பேசிக்குள் போய்விட்டது. ரம்மி வெறும் அதிர்ஷ்ட ஆட்டமல்ல, திறமையே முக்கியம்; மூன்று சீட்டு அப்படியல்ல என்று உச்ச நீதிமன்றம் 1967-இல் சொன்னது. அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டுதான் ஆன்லைன் ரம்மி வளர்ந்தது. தற்கொலைச் செய்திகள் தொடர்ந்து வர, 2020 நவம்பரில் தமிழக அரசு தடை கொண்டுவந்தது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2023 ஏப்ரலில் புதிய சட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் ரம்மிக்கும் போக்கருக்குமான தடையை நீதிமன்றம் நீக்கியது. கடைசியாக 2025 ஆகஸ்டில் மத்திய அரசு, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் நாடு முழுக்கத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

இந்த விளம்பரங்களில் சிரித்த முகங்கள் சினிமா முகங்கள். 2020-இல், நெல்லையையும் தன் எல்லைக்குள் கொண்ட உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இது தொடர்பான பொதுநல வழக்கில் திரை நட்சத்திரங்களுக்கும் கிரிக்கெட் வீரர்களுக்கும் நோட்டீஸ் அனுப்பியது. சூதில் அழியும் குடும்பத்தை அதிகம் படமெடுக்காத துறை, ஆடக் கூப்பிடும் விளம்பரத்துக்கு முகம் கொடுத்தது. இது வேதனையான விஷயம்.

கதைக்கு இங்கே பஞ்சமில்லை. 2003-இல் தமிழ்நாட்டில் லாட்டரி நின்ற பிறகும், செங்கோட்டை தாண்டி ஆரியங்காவில் கேரள லாட்டரி வாங்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள். மாதச் சம்பளம் போனில் கரைவதை மனைவியிடம் மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இருந்த கம்மலையும் அடகுக்கடையில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு அலைகிற தாய்மார்கள் இருக்கிறார்கள்.

‘பரியேறும் பெருமாள்’, ‘வாழை’ படங்களில் மாரி செல்வராஜ் இந்த மண்ணின் வலியைச் சமரசமில்லாமல் காட்டியிருக்கிறார். தாமிரபரணிக் கரையிலிருந்து கோடம்பாக்கம் போகும் இளம் இயக்குநர்கள் இந்தக் கதையையும் எடுக்க வேண்டும். ஜெயித்தவர்களை நிறையப் பார்த்துவிட்டோம். தோற்றவரின் மனைவியை நாயகியாக வைத்து ஒரு படம் எடுங்கள்.