கிணறுகளைக் காட்டும் பலகை

பள்ளிகொண்டாவை ஒட்டிச் செல்லும் பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. அந்த மணலுக்கு அடியிலுள்ள நீரே சுற்றுவட்டாரக் கிணறுகளுக்கு ஆதாரம். ஆற்றின் மேற்பகுதியில் வாணியம்பாடி, ஆம்பூர் ஆகிய தோல் பதனிடும் ஊர்கள் உள்ளன. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புத் தடவி வைப்பார்கள். பதனிடுமுன் தோலை ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு கழிவுநீரில் சேர்கிறது. வேலூர்ப் பகுதியின் நீரும் நிலமும் தோல் கழிவால் கெட்டது குறித்து 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் மீண்டும் ஒரு தீர்ப்பு தேவைப்பட்டது.

உங்கள் தெருக் கிணறு எப்படி இருக்கிறது? நீரில் கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவை, அதாவது டி.டி.எஸ். அளவை, பேனா போன்ற சிறு கருவியால் அறியலாம். அது நீரின் மின்கடத்தும் திறனை அளந்து, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்லும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் இது 500-க்குள் இருக்கவேண்டும். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதி உண்டு.

12 கிணறுகளை மாதம் ஒருமுறை ஓராண்டு அளந்தால் 144 எண்கள் சேரும். அவற்றை ஒரே திரையில் படமாகக் காட்டுவதே டாஷ்போர்டு. மோட்டார் வண்டியின் முகப்புப் பலகை ஓட்டுநருக்கு வேண்டியதைக் காட்டுவதுபோல, இது கிணற்று நீரைக் குடிப்பவருக்கு வேண்டியதைக் காட்டவேண்டும். எக்செல், டேப்லோ போன்ற மென்பொருள்களில் இதைச் செய்யலாம்.

முதலில் அட்டவணை. ஒவ்வோர் அளவுக்கும் ஒரு வரிசை. கிணறு, தேதி, அளவு என மூன்று பத்திகள். இவ்வாறு எழுதினால்தான் மென்பொருளால் எளிதில் பிரித்துக் காட்ட முடியும். கிணறு வற்றிய மாதத்தில் பூஜ்யம் போடாதீர்கள், வெறுமையாக விடுங்கள். பூஜ்யம் என்றால் மிகத் தூய நீர் என்று பொருளாகிவிடும்!

அடுத்து, சராசரியை மட்டும் காட்டாதீர்கள். மூன்று கிணறுகளின் அளவு 500, 700, 3000 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 1400. எல்லாம் வரம்புக்குள் இருப்பதுபோலத் தோன்றும். மூன்றாம் கிணற்று நீரைக் குடிக்கும் குடும்பத்துக்கு அந்தச் சராசரியால் என்ன பயன்?

ஆகவே முதலில் எல்லாக் கிணறுகளும் தெரியட்டும். பிறகு, பெயரைத் தொட்டால் அந்தக் கிணற்றின் பன்னிரண்டு மாதக் கோடு மட்டும் தெரியட்டும். கோட்டின் ஒரு புள்ளியைத் தொட்டால் தேதியும் அளவும் வரட்டும். முழுமை, தேர்வு, விவரம் என்ற இந்த வரிசையை அமெரிக்கக் கணினி அறிஞர் பென் ஷ்னைடர்மன் 1996-ல் வகுத்துச் சொன்னார்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. கிணற்றை மாற்றும்போது மென்பொருள் அளவுகோலையும் தானாகவே மாற்றிவிடலாம். அப்போது 400-க்கும் 450-க்கும் இடையில் அசையும் கோடு, 1000-லிருந்து 3000-க்குத் தாவும் கோட்டைப் போலவே செங்குத்தாகத் தெரியும். எனவே அளவுகோலை 0 முதல் 4000 வரை என நிலையாக வையுங்கள். 500-லும் 2000-லும் குறுக்குக் கோடு போடுங்கள். சிவப்பும் பச்சையும் சிலருடைய கண்களுக்கு வேறுபட்டுத் தெரியா. நீலமும் ஆரஞ்சும் நல்லது.

பலகையின் அடியில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: “இது கரைந்த பொருள்களின் மொத்த அளவு மட்டுமே, குரோமியம் உண்டா, கிருமி உண்டா என்று இது சொல்லாது.” அதற்கு ஆய்வுக்கூடச் சோதனை தேவை.

செய்து முடித்ததும் கிணற்றுக்காரர் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். உங்களைக் கேட்காமலே அவர் தம் கிணற்றைத் தேடி எடுத்து, கோடு 2000-ஐத் தாண்டிய மாதத்தைச் சுட்டிக்காட்டினால், உங்கள் பலகை தன் வேலையைச் செய்துவிட்டது.