பீங்கான் தட்டில் மதுரைக் கோட்டை!

மும்பை:

மதுரை நகரைச் சுற்றி ஒரு காலத்தில் கோட்டையும் அகழியும் இருந்தன. இன்று அந்தக் கோட்டை இல்லை. ஆனால், கோட்டைக்குள் கண்ட காட்சி ஒன்று இங்கிலாந்தில் செய்த பீங்கான் தட்டுகளில் நீல நிறத்தில் அழியாமல் இருக்கிறது என்றால் வியப்பாக இல்லையா?

துரைமார் வீட்டு விருந்துகளில் இறைச்சி வைத்துப் பரிமாறிய நீள்வட்டத் தட்டுகள் இவை. நம் வீட்டுத் தாம்பாளத்தைவிடப் பெரியவையும் உண்டு. சிலவற்றில் மரக்கிளைகள் போல வாய்க்கால் அமைத்து, சாறு ஒரு பக்கத்துக் குழியில் வடியும்படி செய்திருப்பார்கள். இவற்றைத் தேடிச் சேர்ப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

மதுரைக்கு வந்த ஓவியர்கள்

தாமஸ் டேனியல் என்ற ஆங்கில ஓவியரும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1786 முதல் 1793 வரை நம் நாட்டைச் சுற்றி வந்தனர். 1792-ல் மதுரையில் படம் வரைந்தார்கள். மறு ஆண்டு மும்பைக்கு வந்து எலிபெண்டா குகைகளையும் பார்த்தார்கள்.

ஊர் திரும்பிய பின், 1795-க்கும் 1808-க்கும் இடையே 144 படங்களை அச்சிட்டு வெளியிட்டார்கள். அவற்றில் ஒன்றுதான் 'மதுரைக் கோட்டைக்குள் ஒரு காட்சி'. லிவர்பூல் நகரில் 1841 வரை நடந்த ஹெர்குலேனியம் பீங்கான் ஆலை அந்தப் படத்தைத் தட்டில் ஏற்றியது.

எப்படி ஏற்றினார்கள்?

முதலில் செப்புத் தகட்டில் படத்தைச் செதுக்குவார்கள். அதில் நீல மையைத் தடவி, மெல்லிய காகிதத்தில் அச்செடுப்பார்கள். ஒரு முறை சுட்ட தட்டின் மேல் அதை ஒட்டித் தேய்த்து, தண்ணீரில் காகிதத்தைக் கழுவிவிட்டால் படம் மட்டும் தங்கும். பிறகு மேலே மெருகு பூசி மீண்டும் சூளையில் வைப்பார்கள். காகிதம் வெட்டும் வேலையைச் சிறுமிகள் செய்தார்கள். 1841-ல் ஸ்டாஃபோர்ட்ஷயர் ஆலைகளை விசாரித்த ஸ்கிரிவன் என்ற அதிகாரி, குழந்தைத் தொழிலாளர்களின் நிலையை அரசுக்கு எழுதினார்.

கோட்டை போனது, தட்டு நின்றது

1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தார். வெளி வீதிகள், பெருமாள் மேஸ்திரி வீதி, மாரட் வீதி எல்லாம் அப்படி உண்டானவை. விளக்குத்தூண் அந்தக் கலெக்டரின் நினைவாக நிற்பதே. ஊரில் இல்லாததை இன்று படத்திலும் தட்டிலும்தான் பார்க்கலாம்.

சோர் பஜாரில் பார்க்க வேண்டியது

சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது சோர் பஜார். அங்கே மட்டன் தெருக் கடைகளில் பழைய பீங்கான்களும் வரும். மதுரைத் தட்டு அபூர்வம். புதிதாக அச்சிட்ட நகல்கள் ஏராளம்.

முதலில் தட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டும். 'இங்கிலாந்து' என்ற பெயர் அச்சாகியிருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிற்பட்டது. அமெரிக்கச் சுங்கச் சட்டத்துக்காக அப்போதுதான் நாட்டின் பெயரைப் போடத் தொடங்கினார்கள். ஓரத்துப் பூவேலை ஓரிடத்தில் இணையாமல் இருந்தால் அது காகிதம் ஒட்டிய அடையாளம், குறை அல்ல. ஆனாலும் ஒரே ஓர் அடையாளத்தை நம்பிப் பணத்தைக் கொடுக்கக் கூடாது.

நூறாண்டு கடந்த கலைப் பொருள்களை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

வீடு காலி செய்யும் சாமான்களை எடுக்கும் தொழிலில் நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள். அழுக்குப் படிந்த நீலத் தட்டு கைக்கு வந்தால், காயலாங்கடை மூட்டையில் போடுமுன் ஒரு தடவை துடைத்துப் பாருங்கள். அதில் மதுரை இருக்கலாம்!