வட்டம் கொடுத்தா முட்டை வருதா? லேசர் கட்டிங் மெஷினை அளவுக்குக் கொண்டுவருவது எப்படி?

கானாடுகாத்தானில் ஒரு பழைய செட்டிநாட்டு வீடு. வாசல் நிலைக்கு மேலே காற்று வர வைத்த ஒரு மரச்சட்டம். உள்ளே இருந்த பூவேலைப் பலகையைக் கரையான் அரித்துவிட்டது. தேக்குச் சட்டம் மட்டும் இன்னும் அப்படியே நிற்கிறது. "இதே டிசைன்ல ஒண்ணு வெட்டிக் கொடுங்க தம்பி" என்று காரைக்குடியில் இருக்கும் லேசர் கட்டிங் கடைக்கு ஒரு ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

அளவு 600-க்கு 600 மில்லிமீட்டர். ஃபைல் ரெடி, மெஷினும் ஓடி முடித்துவிட்டது. பலகையை எடுத்துப் போய்ச் சட்டத்தில் வைத்தால் அகலம் சரியாக இருக்கிறது, உயரம் மட்டும் 6 மி.மீ. கூடுதல். நடுவில் இருக்கும் வட்டம் லேசாக முட்டை மாதிரி நிற்கிறது.

பழைய தேக்குச் சட்டத்தைச் செதுக்க மனசு வராது. ஓரத்தை அறுத்தால் டிசைன் கெட்டுப்போகும். ஒரு ஷீட் வீண். அதைவிடப் பெரிய சிக்கல், அடுத்த ஷீட்டும் இப்படித்தான் வரும். லேசர் கடை வைத்திருப்பவர்கள், கல்லூரி ஆய்வகத்தில் இந்த மெஷினைத் தொடுபவர்கள், வீட்டிலேயே சின்ன மெஷின் வாங்கியவர்கள் என எல்லோரும் ஒருநாள் சந்திக்கும் பிரச்சினை இது. பதறிப்போய் செட்டிங்கில் இருக்கும் எண்களை மாற்றுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு.

மெஷினுக்கு 'மில்லிமீட்டர்' எப்படித் தெரியும்?

உண்மையில் தெரியாது. அதற்குத் தெரிந்தது 'ஸ்டெப்' மட்டும்தான். லேசர் தலையை இடவலமாக இழுக்க ஒரு மோட்டார் (எக்ஸ்), முன்பின்னாக இழுக்க இன்னொன்று (ஒய்). பெரும்பாலும் இவை ஸ்டெப்பர் மோட்டார்கள். ஒரு முழுச் சுற்றை 200 படிகளாகப் பிரித்துச் சுற்றுபவை. ஒவ்வொரு படியையும் டிரைவர் 16 ஆகப் பிரித்தால் ஒரு சுற்றுக்கு 3,200 ஸ்டெப். மோட்டாரில் 20 பல் கொண்ட புல்லி, 2 மி.மீ. இடைவெளியில் பல் உள்ள பெல்ட் என்றால் ஒரு சுற்றுக்குத் தலை 40 மி.மீ. நகரும். 3,200-ஐ 40-ஆல் வகுத்தால் 80. அதாவது, 1 மி.மீ. நகர 80 ஸ்டெப்.

இந்த ஒரு எண் ஒரு அச்சில் மட்டும் தப்பாக இருந்தால் அந்தப் பக்கம் உருவம் நீளும் அல்லது சுருங்கும். சதுரம் செவ்வகமாகும், வட்டம் முட்டையாகும். கன்ட்ரோலர் போர்டு மாற்றிய பிறகு, செட்டிங் ரீசெட் ஆன பிறகு, வேறு பல் எண்ணிக்கையுள்ள புல்லி போட்ட பிறகு இது அடிக்கடி நடக்கும். ஆனால் எல்லாக் கோணலுக்கும் இந்த எண் காரணமில்லை.

முதலில் ஃபைலைப் பாருங்க

அகலம், உயரம் இரண்டுமே ஒரே விகிதத்தில் தப்பாக இருந்தால் சந்தேகம் முதலில் ஃபைல் மேல்தான் வர வேண்டும். அங்குலத்தில் வரைந்ததை மி.மீ. என்று சாஃப்ட்வேர் எடுத்துக்கொண்டால் உருவம் 25.4 மடங்கு சின்னதாகிவிடும். அது உடனே தெரிந்துவிடும். தெரியாமல் ஏமாற்றுவது இன்னொன்று. இங்க்ஸ்கேப் சாஃப்ட்வேர் 0.92 பதிப்புக்கு முன்பு ஒரு அங்குலத்தை 90 புள்ளிகளாகக் கணக்கிட்டது, அதன் பிறகு 96. பழைய ஃபைலைப் புதிய கணக்கில் திறந்தால் சுமார் 6 சதவீதம் வித்தியாசம் வரும். திரையில் அளவைப் பார்த்துவிட்டு மெஷினுக்கு அனுப்புவது ஒரு நிமிட வேலை.

கோணலே காரணத்தைச் சொல்லும்

திரையில் சரி, பலகையில் தப்பு என்றால் ஒரு சதுரம், ஒரு வட்டம் டெஸ்ட் பீஸாகப் போடுங்கள். வேஸ்ட் துண்டு எம்டிஎஃப் போதும்.

வட்டம் முழுசும் முட்டையாக இருக்கிறதா? ஒரு அச்சின் ஸ்டெப் எண் தப்பு.

வட்டத்தில் கடிகாரத்தின் 3, 9 மணி இடங்களில் மட்டும் தட்டையாக இருக்கிறதா? அங்கேதான் எக்ஸ் அச்சு திசை திரும்புகிறது. திரும்பும்போது பெல்ட் தளர்வு, புல்லி ஆட்டம் எல்லாம் வெளியே தெரியும். 12, 6 மணி இடங்களில் தட்டை என்றால் ஒய் அச்சு. ஆரம்பித்த இடமும் முடித்த இடமும் சேராமல் இருப்பதும் பெரும்பாலும் இந்த ஆட்டத்தால்தான்.

சதுரம் சாய்ந்து நிற்கிறதா? லேசர் தலையைத் தாங்கும் குறுக்குச் சட்டம் நேராக இல்லை.

பாதி வரை சரியாக வெட்டி, அதன்பிறகு எல்லாமே ஒரு பக்கம் தள்ளிப் போகிறதா? மோட்டார் ஸ்டெப்பைத் தவறவிட்டது. வேகம் அதிகம், ரெயிலில் தூசி, பெல்ட் அளவுக்கு மீறி இறுக்கம், வயர் லூஸ் என்று தேடுங்கள்.

ஓரம் அலை அலையாக வருகிறதா? வேகத்தைப் பாதியாகக் குறைத்து ஒருமுறை வெட்டுங்கள். அலை போய்விட்டால் அதிர்வுதான் காரணம். போகவில்லை என்றால் லென்ஸ், கண்ணாடி, தலையின் சக்கரம் ஏதாவது ஆடுகிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

முதலில் ஸ்பேனர், பிறகுதான் செட்டிங்

இந்த வரிசையை மாற்றக் கூடாது. பெல்ட் லூஸாக இருக்கும்போது எண்ணை மாற்றி அளவைச் சரிக்கட்டினால், நாளைக்கு பெல்ட்டை இறுக்கியதும் அளவு மறுபடி போய்விடும்.

மெஷினை ஆஃப் செய்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள். கார்பன் டை ஆக்சைடு லேசர் குழாய்க்குப் போவது பல ஆயிரம் வோல்ட். பவர் சப்ளை பெட்டியை நீங்களே திறக்காதீர்கள், ஆஃப் செய்த பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கலாம்.

ரெயிலைத் துடையுங்கள். தலையைக் கையால் நகர்த்தினால் எங்கும் பிடிக்காமல் போக வேண்டும். பெல்ட்டை விரலால் அழுத்தினால் தொங்கவும் கூடாது, கம்பி மாதிரி விறைப்பாகவும் இருக்கக் கூடாது. மோட்டார் அச்சில் புல்லியைப் பிடித்திருக்கும் குட்டி ஸ்குருவை அலன் கீ போட்டு இறுக்குங்கள். பல நாள் தலைவலிக்கு அந்த ஒரு ஸ்குருதான் காரணமாக இருக்கும்.

அடுத்து மூலைமட்டம். 300 மி.மீ. சதுரம் ஒன்றை லேசாகக் கோடு மட்டும் போட்டு, இரண்டு மூலைவிட்டங்களையும் அளவெடுங்கள். இரண்டும் 424.3 மி.மீ. வர வேண்டும். ஒன்று நீளம், ஒன்று குட்டை என்றால் சட்டம் சாய்ந்திருக்கிறது. நம்ம ஊர் கொத்தனாரும் ஆசாரியும் வாசக்கால் வைக்கும்போது குறுக்கு அளவு பிடிப்பார்களே, அதே சோதனைதான். பல மெஷின்களில் ஒய் அச்சுக்கு இரண்டு பக்கமும் பெல்ட் இருக்கும், நடுவில் ஒரு கம்பி இணைக்கும். ஒரு பக்கக் கப்ளிங்கைத் தளர்த்தி, சட்டத்தின் இரு முனையும் முன்பக்க ஃபிரேமிலிருந்து சம தூரம் இருக்கும்படி தள்ளி, மறுபடி இறுக்குங்கள். சட்டத்தை அசைத்துவிட்டால் கண்ணாடிகளின் சீரமைப்பையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

இப்போ எண்ணை மாற்றலாம்

வெட்டின துண்டை அளக்காதீர்கள். லேசர் தன் அகலத்துக்கு மரத்தை எரித்துவிடும், துண்டு எப்போதும் கொஞ்சம் சின்னதாகத்தான் வரும். அதற்குப் பதிலாக இரண்டு மெல்லிய கோடுகள் போட்டு, கோட்டின் நடுவிலிருந்து நடு வரை அளங்கள். நீளமாக அளப்பது நல்லது. 100 மி.மீ.யில் அரை மி.மீ. தப்பாகப் படித்தால் பிழை 0.5 சதவீதம். 400 மி.மீ.யில் அதே தப்பு 0.125 சதவீதம்தான்.

ஒரு மி.மீ.க்கு எத்தனை ஸ்டெப் என்று கேட்கும் கன்ட்ரோலரில் (ஜிஆர்பிஎல் வகை) கணக்கு இது: பழைய எண் × கேட்ட அளவு ÷ வந்த அளவு. நம் பலகைக் கதையில் 80 × 600 ÷ 606 = 79.208. ரூய்டா போன்ற கன்ட்ரோலரில் ஒரு ஸ்டெப்புக்கு எவ்வளவு தூரம் என்று கேட்கும். அங்கே தலைகீழ்: பழைய எண் × வந்த அளவு ÷ கேட்ட அளவு. இதை மாற்றிப் போட்டால் பிழை இரட்டிப்பாகும். பழைய எண்ணை போனில் ஒரு ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொண்டு மாற்றுங்கள்.

லேசர் எரிக்கும் அகலத்தை, அதாவது கெர்ஃபைக் கடைசியில் பாருங்கள். 100 மி.மீ. நீளப் பட்டையை 10 துண்டாக வெட்டி, எல்லாவற்றையும் அதே ஓட்டைக்குள் ஒரு பக்கமாகத் தள்ளுங்கள். மிச்சமிருக்கும் இடைவெளியை 11-ஆல் வகுக்க வேண்டும். இடைவெளி 2.2 மி.மீ. என்றால் கெர்ஃப் 0.2 மி.மீ. அதை சாஃப்ட்வேரில் கொடுத்துவிட்டால் பலகை சட்டத்தில் கச்சிதமாக உட்காரும்.

ஒரு மி.மீ. தானே?

ஒற்றைப் பெயர்ப்பலகைக்கு ஒரு மி.மீ. பரவாயில்லை. திரும்பத் திரும்ப வரும் டிசைனுக்கு அப்படி விட முடியாது. ஆத்தங்குடி டைல்ஸை நினைத்துப் பாருங்கள். கண்ணாடி மேல் உலோக அச்சை வைத்து, அறை அறையாக வண்ண சிமென்ட் ஊற்றி, கையாலேயே செய்கிறார்கள். பல டிசைன்களில் நான்கு கல் சேர்ந்தால்தான் ஒரு பூ முழுசாகும். ஒரு கல் கோணினால் பூ உடையும். பிழை ஒரு கல்லோடு நிற்காது, வரிசை முழுக்கக் கூடிக்கொண்டே போகும். லேசரில் வெட்டும் ஜாலியும் அப்படித்தான். 100 மி.மீ. கட்டம் ஒவ்வொன்றும் 1 மி.மீ. கூடினால் பன்னிரண்டாவது கட்டத்தில் 12 மி.மீ. தள்ளி நிற்பீர்கள்.

மறக்கக் கூடாத இரண்டு

கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964-ல் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர் மகாராஷ்டிராவின் பாராமதியில் பிறந்த குமார் படேல். அதன் கதிரின் அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர், கண்ணுக்குத் தெரியாது. அதனால் மூடியைத் திறந்து வைத்து டெஸ்ட் பண்ணாதீர்கள். பிவிசி, ரெக்சின் வகைகளை வெட்டவே கூடாது. வரும் புகை நுரையீரலையும் கெடுக்கும், மெஷினையும் துருப்பிடிக்க வைக்கும்.

சரிசெய்த பிறகு வந்த நல்ல டெஸ்ட் பீஸில் தேதி எழுதிச் சுவரில் மாட்டுங்கள். வாரம் ஒருமுறை புதுசா ஒன்று வெட்டி அதன் மேல் வைத்துப் பாருங்கள். பெரிய ஆர்டருக்கு ஷீட்டை ஏற்றும் முன் இந்தப் பத்து நிமிடத்தைச் செலவழித்தால், கானாடுகாத்தான் வரை போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டியிருக்காது.