ரெசின் இறுகுவதற்குள்

காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் குப்பம், எண்ணூர் என்று கரையோரமாகப் போனால், விசைப்படகுகள் நீங்கலாகக் கண்ணில் படும் சிறு படகுகளில் பெரும்பாலானவை ஃபைபர் படகுகள்தான். முன்பு அந்த இடத்தில் கட்டுமரங்கள் இருந்தன. 1980-களில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட வங்காள விரிகுடா திட்டம், அலையடிக்கும் மணற்கரையில் ஏற்றி இறக்கக்கூடிய ஃபைபர் படகுகளை வடிவமைத்துச் சோதித்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த படகுகளிலும் ஃபைபரே மிகுதி. அவற்றைக் கட்டித்தரக் கடற்கரை நெடுகப் புதுப் பட்டறைகள் முளைத்தன.

கட்டுமரத்துக்கு மரம் வாங்குகிறவர் அதைத் தட்டிப் பார்ப்பார், புரட்டிப் பார்ப்பார், வெடிப்பு இருந்தால் ஒதுக்கிவிடுவார். ஃபைபர் படகுக்கு அப்படி முன்கூட்டிப் பார்க்க ஒன்றும் கிடையாது. பட்டறைக்கு வருவது கண்ணாடி இழையும் ரெசின் என்ற பிசின் திரவமும் மட்டுமே. படகு உருவாகும் அதே நேரத்தில்தான் அது எந்தப் பொருளால் ஆனதோ அந்தப் பொருளும் உருவாகிறது. அதனால் படகின் தரத்துக்குப் பட்டறைதான் முழுப் பொறுப்பு.

முதலில் மோல்டு வேண்டும். படகின் வெளிப்புற வடிவத்தை அப்படியே உட்பக்கத்தில் கொண்ட பெரிய அச்சு அது. கொழுக்கட்டை அச்சில் முதலில் மாவை அப்பிப் பிறகு பூரணம் வைப்பதுபோல, இங்கும் வெளித்தோல்தான் முதலில். உள்ளே இருப்பதெல்லாம் பின்னால் வரும். மோல்டை வழவழப்பாகத் தேய்த்து, படகு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மெழுகு பூசுவார்கள். அதன்மேல் நிறம் கலந்த ஜெல்கோட், சுமார் அரை மில்லிமீட்டர் கனத்துக்கு. வெயிலிலிருந்தும் உப்புநீரிலிருந்தும் படகைக் காப்பது இந்த மெல்லிய பூச்சுதான்.

ஜெல்கோட் கையில் ஒட்டாத பக்குவத்துக்கு வந்ததும் மேட் விரிப்பார்கள். துண்டு துண்டான கண்ணாடி இழைகளை அழுத்திச் செய்த விரிப்பு அது. மேட்டின்மேல் ரெசினை ஊற்றி, உருளையால் உருட்டி, இழை முழுவதும் நனையும்வரை அழுத்த வேண்டும். அடுத்து ரோவிங் என்ற நெய்த கண்ணாடித் துணி, அதன்மேல் மறுபடி மேட். படகுக்கு வலு தருவது இழை. அந்த இழைகளைக் கட்டிப்பிடித்திருப்பது ரெசின். மேட் அடுக்கில் எடைக்கணக்கில் ஒரு பங்கு இழைக்கு இரண்டு முதல் இரண்டரைப் பங்கு ரெசின் போதும். அதற்குமேல் ஊற்றினால் படகு கனக்கும், ஆனால் வலு கூடாது, அடிபட்டால் விரிசல் விடும். உருட்டாமல் விட்ட இடத்தில் காற்றுக்குமிழ் தங்கும், பிறகு அதற்குள் தண்ணீர் புகும்.

ரெசின் தானாக இறுகாது. இறுகலை விரைவுபடுத்தும் கோபால்ட் சேர்த்த ரெசினில் நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்கு கேட்டலிஸ்ட் கலந்தால், உள்ளேயே வெப்பம் கிளம்பி அது கெட்டிப்படும். கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது, வெடித்துத் தீப்பிடிக்கும். கலந்த கணத்திலிருந்து நேரம் ஓடத் தொடங்குகிறது. வடசென்னையின் மே மாத வெயிலில் அந்த நேரம் இன்னும் சுருங்கிவிடும். விவரம் தெரிந்த ஆட்கள் சிறு வாளியில் சிறிது சிறிதாகக் கலப்பார்கள், கேட்டலிஸ்ட்டைக் குறைப்பார்கள். ஒரே மூச்சில் பல அடுக்கு போட்டால் சூடு தாங்காமல் படகின் உடல் வளையும், வெடிக்கும். ஒரு நாளுக்குமேல் விட்டுவிட்டு அடுத்த அடுக்கைப் போட்டால், பழைய பரப்பைச் சுரண்டித் தேய்க்காமல் புதியது சரியாகப் பிடிக்காது. மழைக்கால ஈரமும் எதிரிதான். நல்ல பட்டறைக்குக் கூரையும் காற்றோட்டமும் அவசியம் என்பது இதனால்தான்.

அடுக்குகள் முடிந்ததும் உள்ளே குறுக்குச் சட்டங்களும் நெடுக்குச் சட்டங்களும் வைத்து, அவற்றின்மேலும் மேட் போட்டு மூடுவார்கள். அதன்பிறகும் படகு மோல்டிலேயே சில நாள் கிடக்க வேண்டும். சீக்கிரம் உருவினால் கோணிக்கொள்ளும். காற்று அடைத்த அறைகளையோ ஃபோம் நிரப்பிய அறைகளையோ மறக்கவே கூடாது. கட்டுமரம் கவிழ்ந்தாலும் மிதக்கும். கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்த பொருள் தண்ணீரைவிடக் கனமானது. தண்ணீர் நிறைந்த ஃபைபர் படகு, மிதவை அறை இல்லாவிட்டால், ஆளோடு மூழ்கிவிடும்.

பாய்மர உல்லாசப் படகுகளைத் தொழிற்சாலையில் கட்டுவதும் அடிப்படையில் இதே வேலைதான். அங்கே உடலுக்கு ஒரு மோல்டு, மேல்தளத்துக்கு இன்னொரு மோல்டு. எஞ்சின், தொட்டி, அலமாரிகளையெல்லாம் உள்ளே பொருத்திய பிறகே மேல்தளத்தை இறக்கி ஒட்டுவார்கள், போல்ட் போட்டு முறுக்குவார்கள். பாயில் காற்று அறைந்தாலும் படகு நிமிர்ந்து நிற்க அடியில் ஈயமோ இரும்போ கொண்ட கனத்த கீல் பூட்டப்படும். எடை குறைய வேண்டிய இடத்தில் இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே மரமோ ஃபோமோ வைப்பார்கள். கோவாவில் அக்வேரியஸ் தளத்தில் கட்டப்பட்டு 2017-இல் கடற்படையில் சேர்ந்த தாரிணி, நடுவில் மரமும் இருபுறமும் ஃபைபரும் கொண்ட படகு. ஆறு பெண் அதிகாரிகள் அதில் உலகைச் சுற்றி 2018 மே மாதம் திரும்பினார்கள். இப்போது பெரிய தொழிற்சாலைகளில் காய்ந்த இழைகளைப் பிளாஸ்டிக் உறையால் மூடி, காற்றை உறிஞ்சி, அந்த வெற்றிடத்துக்குள் ரெசினை இழுக்கிறார்கள். ரெசின் அளவாக இறங்குகிறது. தொழிலாளியின் மூக்குக்கு வரும் நெடியும் குறைகிறது.

அந்த நெடி ஸ்டைரீன். கண்ணெரிச்சலும் தலைவலியும் தரும். நெடுங்காலம் சுவாசித்தால் நரம்பைப் பாதிக்கும். படகைத் தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூசு தோலை அரிக்கும், நெஞ்சுக்குள்ளும் போகும். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை பார்ப்பது பாதுகாப்பே அல்ல. துணி ஸ்டைரீனைத் தடுக்காது. கரி வடிகட்டி வைத்த முகமூடி வாங்கிக் கொடுப்பது பட்டறை முதலாளியின் கடமை. படகின் விலையோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு மிகச் சிறியது.

படகுக்குச் சொல்லி வைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தண்ணீர் வடியவோ குழாய் பொருத்தவோ படகில் துளை போடுவார்கள் அல்லவா, அப்போது வெட்டி எடுக்கும் வட்டத் துண்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதன் ஓரத்தைப் பார்த்தாலே கனம் தெரியும், குமிழ் இருந்தால் தெரியும். எடைபோட்டுவிட்டுப் பரிசோதனைக்கூடத்தில் எரிக்கக் கொடுத்தால் ரெசின் எரிந்துபோய்க் கண்ணாடி இழை மட்டும் மிஞ்சும். மிஞ்சியதை மறுபடி எடைபோட்டால் இழை எவ்வளவு, ரெசின் எவ்வளவு என்ற கணக்கு வந்துவிடும். அடுக்குகளைப் பிரித்து எண்ணினால், பேசியபடி அத்தனை மேட்டும் போட்டார்களா என்பதும் தெரிந்துவிடும்.