வீட்டு நிகழ்படப் பதிவி: பதிவுத் தரமும் படத்தின் ஒளிர்வும்

தொலைக்காட்சி நிகழ்ச்சியையோ வேறொரு கருவியிலிருந்து வரும் படத்தையோ காந்த நாடாவில் பதிந்து, மீண்டும் ஓட்டிக் காட்டும் கருவியே வீட்டு நிகழ்படப் பதிவி. வி.சி.ஆர். என்பது பொதுப்பெயர், தமிழ்நாட்டில் பலரும் 'டெக்' என்றே சொன்னார்கள். ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976-இல் அறிமுகப்படுத்திய வி.எச்.எஸ். முறை இங்கு பரவலாக இருந்தது. ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான வடசென்னைக்காரர்களுக்கு இவ்வகை வெளிநாட்டுப் பொருள்களின் அருகிலிருந்த சந்தை பர்மா பஜார். டெக்குகளின் உற்பத்தி 2016-இல் நின்றுவிட்டது. ஆனாலும் 1980-களிலும் 90-களிலும் எடுத்த திருமணக் கேசட்டுகள் பல வீட்டு பீரோக்களில் இன்னும் இருக்கின்றன. அவற்றை ஒருமுறையாவது சரியாக ஓட்டிக் கணினிக்கு மாற்ற வேண்டியிருப்பதால், இந்த அமைப்புகளை அறிந்துகொள்வது இன்றும் பயனுள்ளது.

பதிவுத் தரம்

வி.எச்.எஸ். நாடாவின் அகலம் 12.7 மி.மீ. இந்தியாவில் வழங்கிய பால் முறையில், எஸ்.பி. வேகத்தில் நாடா நொடிக்கு 23.39 மி.மீ. நகரும், எல்.பி. வேகத்தில் அதில் பாதி. ஆகவே 'ஈ-180' கேசட்டில் எஸ்.பி.யில் 3 மணி நேரமும் எல்.பி.யில் 6 மணி நேரமும் பதியலாம். படம் நாடாவில் சாய்ந்த தடங்களாகப் பதிகிறது. எஸ்.பி.யில் ஒரு தடத்தின் அகலம் சுமார் 49 மைக்ரோமீட்டர், எல்.பி.யில் அதுவும் ஏறக்குறையப் பாதியாகும். தடம் குறுகினால் படம் சொரசொரப்பாகும். நாடாவின் விளிம்பில் பதியும் சாதாரண ஒலியும் மந்தமாகும். எல்.பி.யில் பதிந்த கேசட்டை வேறொரு டெக்கில் போட்டால் கோடு விழுவதும் அதிகம். கிரிக்கெட் ஆட்டத்தைப் பதிந்து, பார்த்து, அழிப்பதற்கு எல்.பி. போதும், வைத்துக் காக்க வேண்டியதற்கு அது வீண் சிக்கனம்.

வேகப் பொத்தான் பதிவுக்கு மட்டுமே உரியது. ஓட்டும்போது கேசட் எந்த வேகத்தில் பதியப்பட்டது என்பதை டெக் தானே அறிந்துகொள்ளும். அப்போது பொத்தானை மாற்றினால் தரம் கூடாது. படத்தின் மேலோ கீழோ வெண்பட்டை ஓடினால் டிராக்கிங்கை மெல்ல நகர்த்த வேண்டும். திரை முழுதும் பனி பெய்தாற்போல் இருந்தால் பெரும்பாலும் ஹெட் அழுக்கேறியிருக்கும்.

ஒளிர்வு

பெரும்பாலான டெக்குகளில் ஒளிர்வுக் குமிழே கிடையாது. 'பிக்சர்' அல்லது 'ஷார்ப்னஸ்' என்று இருப்பது விளிம்புகளின் கூர்மையை மாற்றுவது. ஒளிர்வு தொலைக்காட்சியில்தான் இருக்கிறது. அங்கே எவ்வளவு மாற்றினாலும் கேசட்டில் பதிவது மாறாது. பெயரும் சற்று ஏமாற்றும்: பிரைட்னஸ் கருமையின் அளவையும், கான்ட்ராஸ்ட் வெண்மையின் அளவையும் தீர்மானிக்கின்றன. மணப்பெண்ணின் கூந்தல் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் பிரைட்னஸைக் குறைக்கலாம். மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் மடிப்புகள் மறைந்து ஒரே வெள்ளையாக இருந்தால் கான்ட்ராஸ்ட்டைக் குறைக்க வேண்டும். விற்பனைக்கு வந்த திரைப்படக் கேசட்டைப் பிரதியெடுக்கும்போது வெளிச்சம் ஏறி இறங்கினால், அது பழுதாக இல்லாமல் நகலெடுப்பைத் தடுக்கும் சைகையாக இருக்கக்கூடும்.

கையடக்க நிகழ்படக் கேமராவின் கதை வேறு. அதில் வெளிச்சம் பதிவிலேயே சேர்ந்துவிடுகிறது. முகத்துவாரக்குப்பத்தில் கடலையோ கழிமுகத்தையோ பின்னணியாக வைத்து ஒருவரைப் படம்பிடித்தால், தானியங்கி அமைப்பு நீரின் பளபளப்பை அளந்து துளையைச் சுருக்கும், முகம் கறுத்துப்போகும். 'பேக்லைட்' பொத்தானை அழுத்துவது, அல்லது ஆளை வெயில் பக்கம் திருப்பி நிறுத்துவது இதற்கு வழி.

கடலோர வீடுகளில் இன்னொரு தொல்லை ஈரப்பதம். நாடாச் சுருளில் வெண்பூசணம் தெரிந்தால் அந்தக் கேசட்டை டெக்கில் போடக் கூடாது. ஹெட் அடைபடுவதோடு, அடுத்துப் போடும் கேசட்டுக்கும் அது தொற்றும். பழைய கேசட்டை ஓட்டுமுன் அதன் முதுகிலுள்ள சிறு பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிட்டால், கை தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் திருமணம் அழியாது.

கணினிக்கு மாற்றும் மென்பொருளில் உள்ள ஒளிர்வு அமைப்பு, தொலைக்காட்சியில் உள்ளதைப் போன்றதல்ல. அது கோப்பையே மாற்றும். அங்கே வெண்மை எல்லை மீறி வெளுத்துப் பதிந்தால், பிறகு அந்தக் கோப்பிலிருந்து வேட்டியின் மடிப்புகளை மீட்க முடியாது. சற்று மங்கலாக மாற்றிக்கொண்டு, அசல் கோப்பைத் தனியே வைத்து, அதன் நகலில் வெளிச்சத்தைக் கூட்டலாம்.